இராயபுரத்தில் துப்பறிந்த கடல்

துப்பறியும் கதைகளில் நம்மவர்களுக்கு உள்ள மோகம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஆரணி குப்புசாமி முதலியார் லண்டன் ஷெர்லாக் ஹோம்ஸுக்குத் தலைப்பாகை கட்டி, 'ஆனந்தஸிங்' என்று நாமகரணம் செய்து, தமிழ் நாட்டுக்கு அழைத்து வந்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் நம் பாட்டன்மாரைத் தூங்கவிடாமல் செய்தார்கள். தேவனின் சாம்புவோ அசட்டுத்தனத்தினாலேயே துப்புத் துலக்கி, வீடு முழுவதையும் சிரிக்க வைத்தார்.

ஆங்கிலேயர் எடுக்கும் துப்பறியும் சினிமாக்களுக்கு என்று ஓர் இலக்கணமே உண்டு. முதலில் பனிமூட்டம் வேண்டும். அதில் மங்கலாக ஒரு காஸ் விளக்கு எரிய வேண்டும். கல் பாவிய தெருவில் ஒரு குதிரை வண்டி 'டக் டக்' என்று போக வேண்டும். பிறகு ஓர் அலறல்! போலீஸார் வந்து ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள். அப்போதுதான் வருவார், வாயில் பைப்பும் கையில் பூதக் கண்ணாடியுமாக நம்முடைய தனித் துப்பறிவாளர். செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பார். சிகரெட்டுச் சாம்பலை முகர்வார். குற்றவாளி இன்னார் என்று சொல்லிவிடுவார். போலீஸ் இன்ஸ்பெக்டர் மூக்கின் மேல் விரல் வைப்பார். சுபம்.

1979-ல் வெளிவந்த 'மர்டர் பை டிக்ரீ' என்ற படத்தைச் சமீபத்தில் வக்கீல் நண்பர் ஒருவருடன் பார்த்தேன். கிறிஸ்டோபர் பிளம்மர் ஹோம்ஸாகவும், ஜேம்ஸ் மேஸன் டாக்டர் வாட்ஸனாகவும் நடித்தது. 1888-ஆம் ஆண்டில், லண்டன் துறைமுகத்தை அடுத்த ஒயிட்சாப்பல் பகுதியில், ஏழை ஸ்திரீகள் ஒருவர் பின் ஒருவராகக் கொடூரமாய்க் கொலையுண்டார்கள். கொலைகாரனுக்கு 'ஜாக் தி ரிப்பர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவன் யார் என்பது இன்று வரையில் நிச்சயமாகவில்லை. ஆனால் சினிமாவில் ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார்! ஏழைகள் பேட்டையில் நடந்த கொலைகளுக்குப் பின்னால் மிக உயர்ந்த இடத்துப் பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள் என்பது கதையின் முடிவு.

படம் முடிந்ததும் வக்கீல், "பார்த்தீரா? கொலை செய்தவன் ஒரு பேட்டை. கெட்ட பெயர் இன்னொரு பேட்டைக்கு! லண்டனுக்கு ஏன் போக வேண்டும்? நம் இராயபுரத்திலேயே இது நடந்திருக்கிறதே!" என்றார்.

"ஆளவந்தார் கொலை வழக்கைச் சொல்லுகிறீரா?"

"அதையேதான். நாளைக் காலையில் புறப்படும். நேரில் போய்த் துப்பறிவோம்" என்றார்.

இராயபுரம் ஸ்டேஷன்

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் இராயபுரம் அடுத்த ஸ்டேஷன். வண்டியில் உட்கார்ந்து வேஷ்டியைச் சரி செய்துகொள்வதற்குள் இறங்க வேண்டியதாகிவிடுகிறது.

இறங்கியதும் நாம் நிற்பது சாமானிய இடத்தில் அல்ல. தென்னிந்தியாவில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை அந்த வண்டி ஓடிற்று. பம்பாயிலும் வங்காளத்திலும் முதன் முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் உருமாறிப் போய்விட்டன. இராயபுரத்தின் பழைய கட்டடமோ உயர்ந்த தூண்களுடன் இன்னும் நிற்கிறது. பிற்பாடு சென்ட்ரலும் எழும்பூரும் வந்து, இதன் மவுசைக் குறைத்துவிட்டன. பெரிய குடும்பத்துப் பாட்டி ஒருத்தி, வீட்டு நிர்வாகத்தை மருமகள்களிடம் ஒப்பித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், ஒரே வீதிக்குள் உலகம் முழுவதையும் பார்க்கலாம். படகுக்காரர்கள் எழுப்பிய இராயப்பர் ஆலயம் ஒரு பக்கம். ஸெயிண்ட் பீட்டரைத்தான் நம் கிறிஸ்தவ சகோதரர்கள் 'இராயப்பர்' என்கிறார்கள். இராயபுரம் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது என்பர். இன்னொரு பக்கம் 1910-ல் ஏற்பட்ட பார்ஸிகளின் அக்கினி ஆலயம். மசூதிகளுக்கும் அம்மன் கோவில்களுக்கும் கணக்கில்லை. இவற்றுக்கு நடுவில் லாரிகள், கண்டெய்னர் வண்டிகள், மீன் கூடைகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். காஸ் விளக்கும் இல்லை, பனிமூட்டமும் இல்லை. பளீரென்று வெயில் அடிக்கிறது. இங்கே ஒரு மர்மம் ஒளிந்திருக்க இடம் ஏது என்றுதான் தோன்றும்.

கல்லறைச் சாலை என்னும் சிமிட்டெரி ரோடுக்கு வழி கேட்டோம். ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாள், "யாரைப் பார்க்கணும்?" என்று விசாரித்தாள். வக்கீல் சற்றும் தயங்காமல், "1952-ஆம் வருஷத்தைப் பார்க்கணும், அம்மா!" என்றார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நேராப் போங்க" என்றாள்.

பேனாக் கடையும் டிரங்குப் பெட்டியும்

நேயர்களில் வயதானவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

பாரி முனையை அடுத்த சைனா பஜார் சாலையில், இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை என்று வழங்கும் வீதியில், ஜெம் அண்டு கம்பெனி என்ற பிரசித்தமான பேனாக் கடை உண்டு. அந்தக் காலத்தில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குப் பேனா வாங்க வேண்டுமானால் தகப்பனார் அங்கேதான் அழைத்துப் போவார். இரண்டாவது மகா யுத்தத்தின்போது ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஆளவந்தார் என்பவர் அக்கடையைச் சார்ந்து வியாபாரம் செய்து வந்தார். மனைவியும் குழந்தைகளும் உள்ளவர். ஆனால் ஸ்திரீகள் விஷயத்தில் நல்ல பெயர் எடுத்தவர் அல்லர். கடைக்கு வந்த ஓர் இளம் பெண்ணோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. பின்னர் அவளுக்கு வேறொருவருடன் விவாகம் ஆயிற்று. கணவன் படித்தவர், இன்ஷியூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர், பத்திரிகைத் தொழிலிலும் ஈடுபட்டவர். தம்பதிகள் கல்லறைச் சாலையில் குடியிருந்தார்கள். விவாகத்துக்குப் பிறகும் ஆளவந்தார் அப்பெண்ணை விட்டபாடில்லை என்பது வழக்கில் வெளியான செய்தி. அந்தப் பெண்ணின் பெயரையும், அவள் கணவன் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. சட்டம் விதித்த தண்டனையை அவர்கள் அனுபவித்துத் தீர்த்துவிட்டார்கள். அதற்கு மேல் நாமும் ஒரு தண்டனை விதிப்பானேன்?

1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி ஆளவந்தார் வீடு திரும்பவில்லை. அவருடைய மனைவி தேடினாள், கடைக்காரர்கள் தேடினார்கள், போலீஸில் புகார் கொடுத்தார்கள்.

மறுநாள், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் போட் மெயில் மானாமதுரையை நெருங்கிக்கொண்டிருந்தது. லங்கைக்குக் கப்பல் ஏறப் போகும் பிரயாணிகளின் வண்டி அது. மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் இருந்தவர்களுக்கு நாற்றம் பொறுக்க முடியவில்லை. ஆசனத்துக்கு அடியில், சொந்தம் கொண்டாட ஆள் இல்லாமல், ஒரு டிரங்குப் பெட்டி கிடந்தது. மானாமதுரையில் அதை இறக்கித் திறந்தபோது, உள்ளே தலையில்லாத ஒரு புருஷனுடைய உடல் இருந்தது.

சென்னையில் ஓர் ஆளைக் காணோம். முந்நூறு மைலுக்கு அப்பால் தலையில்லாத ஓர் உடல். இரண்டையும் முடிச்சுப் போடுவது எப்படி? மானாமதுரையில் உடலை முதலில் பரிசோதித்தபோது இறந்தவன் இளம் வயதினன் என்றே மதிப்பிட்டார்கள். ஆளவந்தாரோ நாற்பதைத் தாண்டியவர். ஒரு துப்பறியும் நாவலாசிரியர் இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்து, 'அடுத்த வாரம்' என்று போட்டுவிடுவார்.

அடுத்த அத்தியாயத்தை எழுதியது இராயபுரத்துக் கடல். பழுப்பு நிறச் சட்டை ஒன்றில் சுற்றி, கரை மணலில் புதைத்து வைத்திருந்த மனிதத் தலையை, அலைகள் மணலை அரித்து வெளியே காட்டிக் கொடுத்துவிட்டன.

துப்பறிந்தவர் யார்?

கல்லறைச் சாலையில் இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அயல் வீட்டு ரேடியோவில் பாட்டு. மாடியில் உலரும் துணிகள். வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள். அந்தச் சாதாரணத் தெருவில் நின்றுகொண்டு வக்கீல் ஒரு கேள்வி போட்டார்.

"சரி, இந்த வழக்கில் ஹோம்ஸ் யார்? சொல்லும், பார்க்கலாம்!"

யோசித்துப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அல்லது, ஒரு டஜன் பேர் இருக்கிறார்கள்.

முதல் துப்பறிவாளர்கள் போட் மெயிலின் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள். 'நமக்கென்ன வம்பு?' என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவர்கள் வாயைத் திறந்தார்கள். அவர்கள் பேசாதிருந்தால் அந்தப் பெட்டி தனுஷ்கோடி வரையில் போயிருக்கும். அதற்கு அப்பால் சமுத்திரம்தான். இரண்டாவது, ஆளவந்தாரின் மனைவி. ஊரார் பேச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடங்கியிராமல், கணவனைத் தேடச் செய்தாள். பிறகு, எந்தப் பெண்ணும் பார்க்கக் கூடாத அந்தக் காட்சியைப் பார்த்து அடையாளமும் சொன்னாள். துப்பறியும் சினிமாவில் இப்படிப்பட்ட மனைவிக்கு இரண்டு நிமிஷம் அழுவதைத் தவிர வேலை கிடையாது.

மூன்றாவது, சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன். மானாமதுரையிலிருந்து வந்த உடலையும், இராயபுரத்தில் அகப்பட்ட தலையையும் ஒரே மேஜையில் வைத்து, இரண்டும் ஒரே மனிதனுடையவை என்று அவர் ருசுப்படுத்தினார். இறந்தவர் நடுத்தர வயதினர் என்றும் நிர்ணயித்தார். வரிசை தப்பிய ஒரு பல்லும், காதில் இருந்த துளைகளும் சாட்சி கூறின.

நான்காவது சாட்சிதான் மிகவும் ருசிகரமானது. ராணுவத்தில் சேர்ந்த காலத்தில் ஆளவந்தாருடைய விரல் ரேகைகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பெட்டியில் கிடந்த உடலின் விரல் ரேகைகள் அவற்றோடு ஒத்துப் போயின. ஸ்காட்லண்டு யார்டின் மகிமையை நாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கிறோம். ஆனால் விரல் ரேகைகளைக் கொண்டு ஆளை அறிவதற்கென்றே உலகத்தில் முதன் முதலாக ஒரு காரியாலயம் ஏற்பட்டது 1897-ல், நம்முடைய கல்கத்தாவில்! அஜீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய உத்தியோகஸ்தர்கள் ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை வகுக்க உழைத்தார்கள். பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போயிற்று. லண்டனில் அந்தக் காரியாலயம் ஏற்பட்டது 1901-ல்தான். அப்படியிருக்க, ஆனந்தஸிங்குக்கு ஹோம்ஸ் கடன் கொடுத்ததாக மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதே மாதிரி ஒரு டிரங்குப் பெட்டி இங்கிலாந்திலும் உண்டு. 1934-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரைட்டன் ரயில் நிலையத்துச் சாமான் அறையில் கிடந்த பெட்டியில் ஒரு ஸ்திரீயின் உடலைக் கண்டெடுத்தார்கள். கால்கள் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் வேறொரு பெட்டியில் கிடைத்தன. தலை கிடைக்கவேயில்லை. பிரைட்டனும் கடற்கரைப் பட்டணந்தான். ஸ்காட்லண்டு யார்டு எவ்வளவோ பாடுபட்டும், அந்த அபாக்கியவதி யார், அவளைக் கொன்றவன் யார் என்பது தெரியாமலே போயிற்று. பெயர் கூட இல்லாமல் அவள் மண்ணுக்குள் போனாள். அந்தக் கதியிலிருந்து ஆளவந்தாரைத் தப்புவித்தது இராயபுரத்து அலை. இறந்தவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், அவருடைய பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது.

தம்பதிகள் பம்பாயில் பிடிபட்டார்கள். சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னிலையில், ஜூரர்கள் துணையுடன் விசாரணை நடந்தது. பப்ளிக் பிராசிக்யூட்டர் கோவிந்த் சுவாமிநாதன் வழக்கை நடத்தினார். கோர்ட்டுக்குள் நுழைய ஜனங்கள் முண்டியடித்தார்கள். 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி தீர்ப்பு. கணவனுக்கு ஏழு வருஷம் கடுங்காவல். மனைவிக்கு மூன்று வருஷம். தூக்குத் தண்டனை இல்லை.

"இந்தத் தீர்ப்பு சரியா, ஸார்?" என்று வக்கீலைக் கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஹோம்ஸ் படத்தில் 'யார் செய்தது?' என்று தெரிந்ததும் கதை முடிந்துவிடுகிறது. கோர்ட்டில் அங்கேதான் கதை ஆரம்பம். 'ஏன் செய்தான்? எந்த நிலையில் செய்தான்? எவ்வளவு தண்டனை?' என்பதெல்லாம் பாக்கி இருக்கிறது. ஒரு மனிதனை வெட்டிப் பெட்டியில் அடைத்ததை எந்தச் சட்டமும் மன்னிக்காது. அந்தப் பெண் பட்ட தொல்லையைக் காதில் போட்டுக்கொள்ளாத சட்டமும் சட்டமாகாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது எவ்வளவு சிரமம் என்று அந்த நீதிபதிக்கும் ஜூரர்களுக்கும்தான் தெரியும்" என்றார்.

நான் இன்னொன்றை நினைத்துக்கொண்டேன். இந்த வழக்கில் இறந்தவர் பேனா வியாபாரத்தில் ஈடுபட்டவர். கத்தி எடுத்தவர் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். அவர்கள் நம்மைப் போன்றவர்கள். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி சாப்பிட்டிருக்கக் கூடியவர்கள். மீன் பிடிக்கிறவனோ, மூட்டை சுமக்கிறவனோ இதில் குற்றவாளி இல்லை. ஆயினும் எழுபது வருஷத்துக்குப் பிறகும் 'இராயபுரம்' என்றால், 'அடடா, தலையை வெட்டிப் புதைத்தார்களே, அந்த இடமா?' என்று கேட்கிறோம். தமிழ் சினிமாக்காரர்களும், கத்தியும் அரிவாளும் வேண்டுமானால் காமிராவைத் தூக்கிக்கொண்டு வட சென்னைக்குத்தான் வருகிறார்கள். உண்மை அகப்பட்ட இடம் இராயபுரம் என்று யாரும் சொல்லுவதில்லை.

கடற்கரை எங்கே?

"வாரும், அந்தத் தலை அகப்பட்ட மணலைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று வக்கீல் கிளம்பினார்.

கிழக்கே நடந்தோம். உப்புக் காற்று வந்தது; மீன் வாடை வந்தது. மணல் மட்டும் வரவில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப் படகுகள் தோளோடு தோள் உரசி நின்றன. வஞ்சிரமும் சங்கராவும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. அதற்கு வடக்கே கருங்கல் பாறைகளைக் குவித்துப் போட்ட நீண்ட சுவர். அலைகள் அதன் மேல் மோதி வாரியடித்தன. உட்காருவதற்குக் கூட ஒரு பிடி மணல் கிடையாது.

வலை பின்னிக்கொண்டிருந்த வயோதிகர் ஒருவரிடம், "ஐயா, பழைய கடற்கரை எங்கே இருந்தது?" என்று கேட்டோம்.

அவர் எழுந்திருக்கவில்லை. ஊசி பிடித்த கையை மட்டும் நீட்டி, அலைகளுக்கு அப்பால் காட்டினார். "அதோ, அந்தப் படகு போவுது பாருங்க, அங்கதான் இருந்திச்சு ஐயா. எங்கப்பா காலத்துல கட்டுமரம் ஏத்துற இடம்."

கடற்கரையே காணாமல் போய்விட்டது! வக்கீலின் கண்கள் பளபளத்தன. "உடல் கூடக் கிடைக்காத வழக்கு, ஓய்!" என்றார்.

இந்த வழக்கில் துப்புத் துலக்குவது அவ்வளவு கஷ்டமன்று. நம் கீழ்க் கடலோரத்தில் வருஷத்தின் பெரும் பகுதியில் நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே செல்லுகிறது. 'தெண்டி' என்று செம்படவர்கள் அதைச் சொல்லுவார்கள். அந்த ஓட்டத்தோடு மணலும் ஓயாமல் வடக்கே நகர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டம் திரும்பி 'வன்னி'யாகும்போது கொஞ்சம் மணல் திரும்பி வரும். இப்படிப் போவதும் வருவதுமாகக் கரை நிலைத்து நின்றது.

1870-களின் நடுவில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினாற் போல் கற்சுவர்கள் எழும்பின. 1881-ல் அடித்த புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். வாயிலில் மணல் சேர்ந்து தொந்தரவு கொடுத்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்பவருடைய நிர்வாகத்தில் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார்கள். சென்னை பெரிய துறைமுகப் பட்டணம் ஆயிற்று. ஆனால் வடக்கே போக வேண்டிய மணல் தெற்குச் சுவரில் தடைப்பட்டுத் தங்கிவிட்டது. வருஷத்துக்கு வருஷம் அங்கே கரை அகலமாயிற்று. வடக்கே மணல் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. வரவில்லாத குடும்பத்தில் செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகும்? முதலில் மணல் போயிற்று. பிறகு தோப்பும் துரவும் போயின; குப்பத்து வீடுகள் போயின; சாலையின் விளிம்பு போயிற்று.

தெற்கே தங்கிய மணல் எங்கே என்று கேட்கிறீர்களா? 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப், கடலோரத்தில் உலாவும் பாதை அமைத்து 'மெரீனா' என்று பெயரிட்டாரே, அங்கேதான் இருக்கிறது. மாலை வேளையில் குழந்தை குட்டிகளுடன் போய், சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, 'ஆகா, உலகத்திலேயே இவ்வளவு அகலமான கடற்கரை உண்டா?' என்று நாம் பெருமைப்படுகிறோமே, அந்த மணலில் இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் சேர வேண்டிய பங்கு இருக்கிறது.

நான் இதைச் சொன்னதும் வக்கீலுக்கு வாதம் பிறந்துவிட்டது. "கொலை என்றால் கொல்லும் எண்ணம் வேண்டும். துறைமுகம் கட்டினவர்களுக்கு அந்த எண்ணம் ஏது?" என்றார்.

"சரி, கொலை என்று சொல்ல வேண்டாம். ஆனால் தெரிந்த பிறகும் நூறு வருஷம் சும்மா இருந்தால், அதற்குச் சட்டத்தில் என்ன பெயர்?"

வக்கீல், "அதற்கு இன்னும் செக்ஷன் போடவில்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மகிழ மரத்தின் சாட்சி

பஸ் ஏறி வடக்கே போனோம். சாலையின் வலப் புறம் நெடுகக் கற்சுவர். ஆங்காங்கே கடலுக்குள் நீட்டிய குறுக்குச் சுவர்கள். அவற்றின் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சம் மணல் ஒதுங்கி, அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் கல்லைப் போட்டு அலையைத் தடுத்தால், அந்த அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. அங்கே கல்லைப் போட்டால், அதற்கு அடுத்ததற்கு. இப்படியே எண்ணூர் வரையில் ஒருவர் தலைவலி இன்னொருவர் தலைக்கு மாறிக்கொண்டு போகிறது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே 2001-ல் இன்னொரு பெரிய துறைமுகமும் ஏற்பட்டுவிட்டது.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதியில் வணங்கிவிட்டு, தியாகராஜ சுவாமி கோவிலுக்குள் போனோம். அங்கே ஒரு மகிழ மரம் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனாருக்கும் சங்கிலி நாச்சியாருக்கும் விவாகம் நடந்த தலம் இது. 'உன்னைப் பிரியேன்' என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்து பிறகு மீறினால் வம்பு ஆயிற்றே! ஆகையால், 'அந்த நேரத்துக்கு மட்டும் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்' என்று இறைவனிடம் ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனோ சங்கிலியின் கனவில் தோன்றி, 'மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட்டார். சுந்தரர் அகப்பட்டுக்கொண்டார். பிற்பாடு வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் பார்வை போயிற்று என்று பெரிய புராணம் கூறுகிறது.

"பிரமாதமான வழக்கு! சாட்சியை அப்புறப்படுத்தப் பார்த்தார். சாட்சியே வழக்கை நடத்திவிட்டது!" என்று வக்கீல் குதூகலித்தார்.

அந்த மரத்தடியில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. தலையை மணலில் புதைத்தவர், கடல் ஊமைச் சாட்சி என்று எண்ணித்தான் புதைத்திருப்பார். கடல் பேசிவிட்டது. இன்றைக்கும் அது பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கற்சுவரில் மோதி மோதி, 'என் மணல் எங்கே?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. போட் மெயிலின் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளைப் போல, 'இங்கே ஏதோ சரியில்லை' என்று வாயைத் திறந்து சொல்ல நாலு பேர் வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பைப்பும் வேண்டாம், பூதக் கண்ணாடியும் வேண்டாம்.

நேயர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு இராயபுரம் போய் வாருங்கள். முதல் ரயில் புறப்பட்ட ஸ்டேஷனைக் காட்டுங்கள். காசிமேட்டில் நல்ல மீன் கிடைக்கும். மீன் உண்ணாதவர்களுக்கு நல்ல காற்றாவது கிடைக்கும். பிறகு கற்சுவரின் மேல் நின்று, அலைகளுக்கு அப்பால் கையைக் காட்டி, "அதோ, அங்கேதான் கடற்கரை இருந்தது" என்று சொல்லுங்கள். "அது எங்கே போயிற்று?" என்று குழந்தைகள் கேட்பார்கள். அன்று மாலை மெரீனாவுக்கும் அழைத்துப் போய்ப் பதில் சொல்லுங்கள்.